உலகம்மாளின் கழுத்து

மஞ்சநேரியில் ஒருவர் போட்ட படத்தை இன்னொருவர் மனதாரப் புகழ வேண்டுமென்றால் இன்றைக்கும் ‘ஒண்ணும் ஆகல’ என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர் காதுக்கு இது வசவு மாதிரி விழும்; பாவம், பாடுபட்டு ஒரு மனுசன் வரைந்திருக்கிறான், ஒண்ணும் ஆகலையாமே என்று முகம் சுளிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற ஆவுடையப்பன் ஐம்பது வயதுக்கு மேல் பென்சிலைக் கையில் எடுத்த கதை தெரிந்தால்தான் அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு மரியாதை இருக்கிறதென்று விளங்கும்.

மஞ்சநேரி எலுமிச்சை ஊர். மேற்கே மலை, மலையடிவாரம் முழுக்க எலுமிச்சைத் தோட்டம், ஊர் நடுவே எலுமிச்சை மண்டி. விடிந்தும் விடியாமலும் மண்டியில் ஏலம் தொடங்கும். ஏலம் விடுகிறவள் உலகம்மாள், ஆவுடையப்பனின் மனைவி. அவள் குரல் இருக்கிறதே, அது தகரக் கூரையில் மோதி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, குளத்தங்கரை வரைக்கும் போய்த் திரும்பி வரும். அவள் முதல் குவியலுக்கு விலை கேட்கிற சத்தத்தில்தான் பால்காரர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுவார், பிள்ளைகள் போர்வையை உதறும், டீக்கடையில் அடுப்பு பற்றும். குரல் மட்டுமா? கண்ணும் அப்படித்தான். பத்தடி தள்ளி நின்றே, “அந்தக் குவியல்ல பாதி வெம்பல், காம்பைப் பாத்தாத் தெரியலியா, முந்தாநாள் பறிச்சது” என்று சொல்லிவிடுவாள். கொண்டுவந்தவன் மறுபேச்சில்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போவான்.

ஆவுடையப்பன் அவளுக்கு நேரெதிர். ஊரில் அவர் நுழையாத வீடு கிடையாது, பேசிய வீடும் கிடையாது. மீட்டரைப் பார்ப்பார், எண்ணைக் குறிப்பார், தண்ணீர் கொடுத்தால் குடிப்பார், போய்விடுவார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சாயங்காலங்கள் வெறிச்சென்று ஆகிவிட்டதால், மருமகன் அவரைப் போனில் படம் வரையக் கற்றுத்தருகிற ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டான். வாரத்துக்கு ஒரு பயிற்சி வரும். முதலில் உருண்டை, பிறகு உருளை, பிறகு கூம்பு. முதலில் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே திரள்கிறது என்று பார்த்து உருவத்தை எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அதன் மேல்தோலுக்கு, சொரசொரப்புக்கும் வழவழப்புக்கும் வர வேண்டும். ஆவுடையப்பன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்து அனுப்புவார். சென்னையிலிருந்து வாத்தியார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ‘சூப்பர் சார்’ என்று அனுப்புவார். உருண்டைக்கும் சூப்பர் சார். உருளைக்கும் சூப்பர் சார். வரைந்தது பூசணிக்காயா, பஸ் ஏறி நசுங்கின பலூனா என்று வரைந்தவருக்கே பிடிபடாத அன்றைக்கும் சூப்பர் சார். உலகம்மாளிடம் நீட்டினால், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, நிமிராமல், “நல்லாருக்கு” என்பாள். காம்பைப் பார்த்துப் பறித்த நாளைச் சொல்கிறவள், புருசன் படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் என்னவாம்?

“உள்ளதச் சொல்ல இந்த ஊருல ஒரு ஆளு இல்லையா?” என்று ஒரு சாயங்காலம் வாய்விட்டே சொல்லிவிட்டு, தட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து வரைய உட்கார்ந்தார். எலுமிச்சை ஊர்க்காரர் இல்லையா, உருவத்தையெல்லாம் அம்போவென்று விட்டுவிட்டு நேராகத் தோலுக்குப் போய்விட்டார். தோலில் இருக்கிற துளை துளையான புள்ளிகளை ஒன்றுவிடாமல் வைத்தார். வைத்து முடித்து, மூலையில் ‘ஆ’ என்று கையெழுத்தைப் போட்டார். போட்டதுதான் தாமதம், தட்டில் இருந்த நிஜப் பழமும் படத்தில் இருந்தபடியே அப்பளம் மாதிரித் தட்டையாகி, உடம்பெல்லாம் புள்ளியோடு படுத்துக்கொண்டது.

உலகம்மாள் வந்து பார்த்தாள். எடுத்துத் திருப்பினாள். ரசத்துக்குப் பிழிந்தாள். “சாறு கெடக்கு. கொட்டதான் இல்ல,” என்று சொல்லிவிட்டுத் தோலைக் குப்பையில் போட்டாள். இவ்வளவுதான் நடந்தது, அதிசயம் என்று அந்த வீட்டில் யாரும் வாயைப் பிளக்கவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுச் சிதம்பரவடிவு பழுப்பதற்காக வாசலில் ஒரு பலாப்பழத்தை வைத்திருந்தாள். மின்வாரியப் பையைக் கழற்றாமலே ஆவுடையப்பன் அதன் எதிரில் உட்கார்ந்தார். ஒரு பலாப்பழத்துக்கு எத்தனை முள் என்று கடவுளுக்குத்தான் தெரியும், அடுத்தபடியாக அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. முள் முள்ளாக வைத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சிதம்பரவடிவு அந்தப் பழத்தை, காய்ந்த பாயைச் சுருட்டாமல் தூக்கி வருவது போல இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அண்ணாச்சி, முள்ளெல்லாம் அம்சமாத்தான் போட்டிருக்கிய. அதுல ஒரு குத்தம் சொல்லப்படாது. ஆனா வயிறு எங்க? பலாப்பழம்னா அதுக்கு வயிறு வேண்டாமா? உள்ள இருந்து தள்ளிக்கிட்டு வரணும்லா! ஒங்க பழம் பட்டினி கெடந்த பழம்லா இருக்கு.”

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டு வாங்கியதால் இல்லை. “இன்னொரு தடவ சொல்லும்மா,” என்றார். அவள் இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். வலது பக்கம் நிழல் இல்லாததால்தான் இப்படிச் சப்பையாகிவிட்டது என்பதை அவள் அவளுடைய பாஷையில் சொன்னாள், அவர் அவருடைய பாஷையில் எழுதிக்கொண்டார். பழத்தை அவள் வீணாக்கவில்லை. வாசற்படியில் போட்டாள், மழைக்காலத்தில் சேற்றுக் காலைத் தேய்க்க அதைப் போல ஒரு சாமான் ஊரிலேயே கிடையாது என்று பேராயிற்று.

அதிலிருந்து மஞ்சநேரிக்கே படம் பார்க்கிற கண் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? வரையப்படுவது அவரவர் வீட்டுச் சாமான் ஆயிற்றே! ஆவுடையப்பன் ஒரு குடத்தை வரைய உட்கார்ந்தால், குடத்துக்குச் சொந்தக்காரி எதிரில், அவள் மாமியார் பக்கவாட்டில், கடைக்குப் போகிற வழியில் நின்றவர்கள் முதுகுக்குப் பின்னால் என்று ஒரு கூட்டம் கூடிவிடும். “கழுத்துக்கிட்ட கறுப்பு கூடிப்போச்சு.” “விளிம்பு அங்கன கோணுது பாருங்க.” “அய்யோ, கையெழுத்துப் போட்டுராதிய, பொறுங்க, பொறுங்க!” கையெழுத்து விழுகிற வரைக்கும் சாமானுக்கு ஆபத்தில்லை என்று எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில் அரசியல் பேசினவர்கள் நிழலைப் பற்றிப் பேசினார்கள். கருங்கல்லின் சொரசொரப்பும் செங்கல்லின் சொரசொரப்பும் ஒன்றா வேறா என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் ஊரில் ஒரு சாய்ந்த செம்பும், இரண்டு பக்கமும் முதுகாகிப்போன ஒரு முறமும், தொட்டால் கண்ணாடி போல வழுக்குகிற ஒரு தேங்காயும் சேர்ந்துவிட்டிருந்தன. வைத்திருந்தவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டினார்கள்.

பிறகு ஒருநாள், சொள்ளமுத்து அண்ணாச்சி வீட்டுப் பித்தளைக் குடம். அண்ணாச்சிதான் எலுமிச்சை மண்டிக்குத் தலைவர். குடம் அவர் அம்மாவின் சீதனம். கொடுக்கப் பயந்துகொண்டேதான் கொடுத்தார். ஆவுடையப்பன் முதலில் உருண்டையைக் கண்டார், உருண்டையின் மேல் உருளையைக் கண்டார், இடுப்பில் வைத்து வைத்துத் தேய்ந்த பள்ளத்தைக் கண்டார், வெளிச்சம் வந்து ஒரு பொட்டாக நிற்கிற இடத்தைப் பேப்பரின் வெள்ளையாகவே விட்டுவைத்தார், எல்லாம் முடிந்த பிறகுதான் பித்தளையின் கீறலுக்கும் புளி போட்டுத் தேய்த்த தடத்துக்கும் வந்தார். கையெழுத்தைப் போட்டார். கூட்டம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டது. அண்ணாச்சி ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தார்.

“ஏ, ஒண்ணும் ஆகல வே!” என்று அவர் கத்தின கத்து குளக்கரைக்குக் கேட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஆவுடையப்பன் நடந்து வீட்டுக்குப் போனதைப் பார்த்தவர்கள், அவர் கால் தரையில் பட்டதற்குச் சாட்சி சொல்ல மாட்டார்கள்.

கை திருந்தியதும் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. தேய்ந்து வழுவழுத்துப்போன ஓர் அம்மியை அவர் புதிதாகக் கொத்தின அம்மியாகப் புள்ளி புள்ளியாய் வரைந்தார்; அம்மி கொத்தின அம்மியாகவே ஆகிவிட்டது. ஆனால் நன்றாகத் தெரிந்ததைத்தான் அப்படி வரைய முடியும். கொத்தின அம்மியைச் சிறு பிள்ளையிலிருந்து பார்த்திருக்கிறார், அது கைக்கு வந்தது. தந்தி அறுந்த வீணையைச் சரியாக்கச் சொல்லி ஒருவர் கொண்டுவந்தபோது, நல்ல வீணையை அவர் உற்றுப் பார்த்ததே கிடையாது என்பதால், கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ஊரும் ஒத்துக்கொண்டது. பார்க்காததை எப்படிப் போட முடியும்?

இந்தக் கூத்தெல்லாம் நடக்கிறபோதே உலகம்மாளின் கழுத்தில் அந்தக் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

பல வருசத்துக் கட்டி அது. முதலில் எலுமிச்சை விதை அளவு இருந்தது, பிறகு நெல்லிக்காய் அளவுக்கு வந்தது, யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளப் பழகினாள். பார்க்கிறவர்கள் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொள்ளப் பழகினார்கள். இப்போது ஒரு நல்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு முன்னால் வந்து நின்றது. ஏலத்தின் நடுவே மூச்சு வாங்க நிற்க ஆரம்பித்தாள். படுத்தால் இளைத்தது, சுவரில் சாய்ந்துதான் தூக்கம். ஒருநாள் விலை கேட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் தூணைப் பிடித்துக்கொண்டாள். மண்டியே அடங்கிப்போயிற்று.

திருநெல்வேலியில் பெரிய டாக்டர் பார்த்தார். தைராய்டு கட்டி, மூச்சுக்குழாயை அழுத்துகிறது, அறுத்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் மூச்சே நின்றுபோகலாம் என்று சொன்னார். பக்கத்திலேயே குரலுக்குப் போகிற நரம்பு ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்கு மட்டும் குரல் கம்மிப்போகும், அதற்கு யாரும் உறுதி தர முடியாது என்றும் சொன்னார். அவர் சொன்ன அத்தனையிலும் உலகம்மாளுக்குக் கேட்டது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான்.

“குரலு போன பொறவு நா இருந்து என்னத்துக்கு?” என்றாள் பஸ்ஸில். “கத்தி வேண்டாம்.” அதற்குமேல் பேச விடவில்லை.

செய்தி ஊருக்குத் தெரிந்தது. மறுநாளே சொள்ளமுத்து அண்ணாச்சி நாலு பேரோடு வந்துவிட்டார். “கத்தி எதுக்கு வே? கையில பென்சில வச்சுக்கிட்டுக் கத்தியத் தேடுதீரு? கட்டி இல்லாம கழுத்த வரையும், கையெழுத்தப் போடும், தீர்ந்துது சோலி!”

அட, இது நமக்குத் தோன்றாமல் போச்சே என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிதம்பரவடிவு சாமி படத்துக்குப் பூ வைத்தாள். உலகம்மாள் மட்டும் கொஞ்ச நேரம் புருசனின் கையைப் பார்த்தாள். பிறகு முந்தானையைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“வரைங்க,” என்றாள். “ஒங்க கைய நம்பி உக்காருதேன். கோணலாப் போட்டாக் கோணலாத்தான் நடமாடணும், தெரியும்லா?”

ஆவுடையப்பன் தாடைக்குக் கீழிருந்து தோள் எலும்பு வரைக்கும் மட்டும் வரைவதென்று முடிவுசெய்தார். கழுத்து என்பது என்ன, ஓர் உருளைதானே; உருளை அவர் போட்டுப்போட்டுச் சலித்தது. இடது ஓரம் வந்தது, வலது ஓரம் வந்தது, தாடையின் நிழல் வந்தது, தோள் எலும்பின் குழி வந்தது. கட்டி இருக்கிற இடத்துக்குப் பென்சில் வந்தது. வந்து நின்றது. அந்த இடத்தில் முன்னே என்ன இருந்தது?

கண்ணை மூடிப் பார்த்தார். கட்டிதான் தெரிந்தது. அதற்கு முந்தி? பெண் பார்க்கப் போன அன்றைக்கு? மகள் பிறந்த அன்றைக்கு? குழந்தை தோளில் கிடந்தது தெரிந்தது, தாலிக்கயிற்றின் மஞ்சள் தெரிந்தது, குரல் கேட்டது, கழுத்து மட்டும் வரவேயில்லை. “வெளிச்சம் சரியில்ல. நாளைக்குப் பாப்போம்,” என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். மறுநாளும் வெளிச்சம் சரியில்லை. அதற்கு மறுநாள் பென்சில் சரியில்லை. உலகம்மாளின் மூச்சு அறை முழுக்க இழுத்துக்கொண்டு கிடந்தது. கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தார்; எல்லாப் படத்திலும் தாடை வரைக்கும் மாலை. மகளின் காதுகுத்துப் படத்தில் பிள்ளையின் தலை மறைத்தது. மற்றதில் எல்லாம் முந்தானை.

வேறு வழி தெரியாத மனுசன் செய்த காரியம்தான் பிறகு வினையாயிற்று. மீட்டர் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம், பேச்சே இல்லாத அந்த ஆவுடையப்பன், எண்ணைக் குறித்த கையோடு, தலையைச் சொறிந்துகொண்டு, “எம் வீட்டுக்காரி கழுத்து முன்ன எப்படி இருந்துச்சுன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

ஊர் சிரிக்கவில்லை; உட்கார்ந்து யோசித்தது. சிதம்பரவடிவு மூன்று வரி இருந்தது என்றாள். அவள் நாத்தனார் இரண்டு வரிதான் என்று அடித்துச் சொன்னாள். ரவிக்கை தைக்கிற மைமூன் அக்கா, “கழுத்து எறக்கம் எவ்வளவுன்னு கேளுங்க சொல்லுதேன், கழுத்து எப்படின்னு கேட்டா நா என்னத்தச் சொல்ல? டேப்பத்தான் பாத்தேன், கழுத்தப் பாக்கலியே,” என்று வருத்தப்பட்டாள். ஒருவர் இடது பக்கம் மச்சம் என்றார், இன்னொருவர் மச்சமே கிடையாது என்றார். சொள்ளமுத்து அண்ணாச்சி நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, “வே, நெசத்தச் சொல்லுதேன். இத்தன வருசம் அந்தக் கொரலு எங்க இருந்து வருதுன்னு நாங்க பாக்கவே இல்ல,” என்றார். குரலைக் கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். முதல் குவியலுக்கு எப்படி எடுப்பாள், மூன்றாம் தரம் கேட்கிறபோது எங்கே ஒரு இழுப்பு இழுப்பாள், எல்லாம் ஊருக்கு அத்துப்படி. கழுத்து ஒருவருக்கும் தெரியவில்லை.

மண்டியில் யாரோ உலகம்மாளிடம், “அக்கா, ஒங்க கழுத்துல வரி ரெண்டா மூணா? ஒங்க வீட்டு அண்ணாச்சி கேட்டுட்டுப் போறாவ,” என்று சொல்லிவைத்தார்கள். அன்று மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்த வேகத்தில் வாசல் கதவு சுவரில் போய் அடித்தது.

“கூடி இருந்து குடும்பம் நடத்துனது இவுக. எங் கழுத்து எப்படி இருந்துச்சுன்னு அடுத்த வீட்டுக்காரிகிட்டயா கேக்கிய?” மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினாள். “வெக்கமா இல்ல? ஊரெல்லாம் எங் கழுத்தப் பத்தித்தான் பேச்சு!”

ஆவுடையப்பன் பையைக் கீழே வைத்தார். பொய் சொல்ல அவருக்கு வராது.

“தெரியல உலகு,” என்றார். “கண்ண மூடுனாக் கட்டிதான் வருது. அதுக்கு முந்தி நா பாக்கவே இல்லபோல. செம்பப் பாத்தேன், கொடத்தப் பாத்தேன். ஒன்னியப் பாக்கல.”

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் அடுக்களைக்குள் போனாள். பாத்திரங்கள் கொஞ்ச நேரம் உருண்டன. பிறகு சத்தம் நின்றது. வெளியே வந்து, முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள்.

“இருந்தது தெரியாது, சரி. இருக்கது தெரியும்லா? இருக்கத வரைங்க.”

“இருக்கத வரைஞ்சா ஒண்ணும் ஆகாதே உலகு.”

“ஆகாண்டாம். எனக்குப் பாக்கணும். நீங்க மட்டுமா பாக்கல? நானுந்தான் பாக்கல. கண்ணாடியில பொட்டு வைக்கப் பாப்பேன், அதுக்குக் கீழ கண்ணு போவாது. பயம்.”

அவர் புதுத் தாளை எடுத்தார். இந்தத் தடவை அவருக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தாடையிலிருந்து இறங்குகிற தசைநாரைக் கண்டார். அது கட்டிக்கு வழிவிட்டு ஒதுங்குகிற இடத்தைக் கண்டார். கட்டியின் மேல் பக்கம் வெளிச்சம் பட்டுத் தோல் இழுபட்டு மினுங்குவதை, கீழ்ப்பக்கம் நிழல் திரண்டு கழுத்தோடு சேர்வதை, பச்சையாய் ஒரு நரம்பு அதன் மேல் ஏறி இறங்குவதை, தாலிக்கயிறு அழுத்தி அழுத்திப் பதிந்த தடத்தை, கட்டிக்கு அந்தப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிற வரிகளை, அவள் மூச்சை இழுக்கிறபோது குழி விழுந்து விடுகிறபோது மேடாகிற தொண்டைக்குழியை, ஒவ்வொன்றாகக் கண்டு கண்டு இறக்கினார். உலகம்மாள் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

“இது பொய்,” என்றாள். மண்டியில் பேசுகிற அதே பேச்சு. “இந்தப் பக்கம் இன்னும் முன்னத் தள்ளி நிக்கும். ஒங்களுக்கு மனசு வரல, அதான் சின்னதாப் போடுதிய. பாக்காத அளவப் போட்டாத் தொண்டையும் அந்தப் பலாப்பழம் மாதிரிச் சப்பையாயிரும். அழிங்க.”

அவர் ரப்பரை எடுத்தார். “கூடிப்போச்சுன்னா உலகு? கையெழுத்துப் போட்ட பொறவு அப்படியே ஆயிருமே?”

“கூடுதலாப் போடச் சொல்லல. உள்ளதப் போடச் சொல்லுதேன். நிழலக் கூட்டுங்க. அங்கன இல்ல, அதுக்கும் கீழ. தோலு அவ்வளவு வழவழப்பு கெடயாது, புள்ளி புள்ளியா இருக்கு பாருங்க. ஆங். இப்பம் அந்த நரம்பு. அது நேராப் போவாது, வளைஞ்சு போவுது.”

வரைவார், அழிப்பார், வரைவார். இப்படி ஒருவர் பக்கத்தில் நின்று சொல்வதற்காகத்தான் எத்தனை சாயங்காலம் அவர் ஏங்கியிருந்தார், அது இப்போது வந்தது, வந்ததை நினைத்துச் சந்தோசப்பட அவருக்கு நேரமில்லை. ஒரு மயிரிழை கூடினால் அவள் மூச்சு போய்விடும். வெயில் ஜன்னலின் அந்த ஓரத்துக்குப் போகிறபோது உலகம்மாள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

“போடுங்க கையெழுத்த.”

போட்டார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஒண்ணும் ஆகவில்லை. அந்த வட்டாரத்தில் அதைவிட நல்ல படத்தை யாரும் போட்டது கிடையாது. ஆனாலும் அப்படி ஒரு படத்தைப் போட்டுவிட்டு யாரும் அவ்வளவு அழுததும் கிடையாது.

உலகம்மாள் அழவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். ஒரு குவியலைப் பார்ப்பது போல அங்கிருந்தும் இங்கிருந்தும் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

“யம்மாடி, எவ்வளவு பெருசு,” என்றாள். “இதத் தொண்டையில வச்சுக்கிட்டா நா தெனமும் கொளக்கர வரைக்கும் கேக்கக் கத்துனேன்? கெட்டிக்காரிதான் நான். நீங்களும் கெட்டிக்காரருதான். ஒரு முடிகூடத் தப்பாப் போடல.” படத்தில் கட்டியின் மேல் விரலை வைத்தாள். “இது எடுக்க வேண்டியது. பாத்தாலே தெரியுது. நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்புவோம்.”

“கொரலு?”

“போனாப் போவுது. மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு யாவாரம் பண்ணலியா? கையக் காட்டி ஏலம் விடுதேன். எவன் கேக்கான்னு பாப்போம்.”

அவர்கள் போன பிறகு, சிதம்பரவடிவு அந்தப் படத்தைக் கொண்டுபோய் மண்டித் தூணில் மாட்டினாள். ஊர் வரிசையாக வந்து பார்த்தது. இத்தனை வருசம் கண்ணைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் அதன் முன்னால் நின்று, நிழலைப் பார்த்தார்கள், நரம்பைப் பார்த்தார்கள், அதற்குள்ளிருந்து எப்படி ஒரு குரல் வந்துகொண்டிருந்தது என்று பார்த்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஏலத்தைச் சொள்ளமுத்து அண்ணாச்சி ஏற்றுக்கொண்டார். அவர் கத்தியது எதிர்க்கடைக்கே எட்டவில்லை. பால்காரர் தூங்கிவிட்டார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போயின, வாத்தியார்களும் தாமதமாக வந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊர் முழுக்கக் காதைத் திருநெல்வேலிப் பக்கமே வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தையல் பிரிக்கும் வரைக்கும் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், உலகம்மாள் பேசவில்லை. குரல் இருக்கிறதா போய்விட்டதா என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தையல் பிரித்த அன்றைக்கே ஊருக்குத் திரும்பினார்கள். பஸ்ஸிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மஞ்சநேரியே நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை, பின்னாலேயே வந்தார்கள். வீட்டு வாசலில், தெருவில், எதிர்வீட்டு மாடியில் எல்லாம் ஆட்கள். அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று எல்லார் கண்ணும் அவள் வாயில்.

உலகம்மாள் உள்ளே போனாள். ஆவுடையப்பனையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்தாள். கட்டி இருந்த இடத்தில் மெல்லிசாய் ஒரு சிவப்புக் கோடு. அவர் பழக்க தோஷத்தில் பென்சிலைத் தேடித் திரும்பினார்.

“பென்சில் வேண்டாம்,” என்றாள் உலகம்மாள்.

குரல் வந்தது. முன்னைப்போலத் தகரத்தில் மோதுகிற குரல் இல்லை. கொஞ்சம் உடைந்து, கொஞ்சம் இறங்கி, அந்த அறைக்குள் மட்டும் கேட்கிற அளவுக்கு வந்தது. அதைக் கேட்டதும் அவர் அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவள் அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“இப்பம் பாருங்க,” என்றாள். “நல்லாப் பாத்துக்கிடுங்க. இனிமே எங்கயும் போயிக் கேக்கப்படாது.”

வெளியே யாரோ மெதுவாகக் கதவைத் தட்டினார்கள். ஆவுடையப்பன் திரும்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.